முழுப் படத்தில் இருந்த நிழல்

அந்தப் படம் காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு எடுக்கப்பட்டது. வறண்ட கண்மாயின் நடுவில் ஒரு பொக்லைன் இயந்திரம். பக்கத்தில் நான்கு டிப்பர் லாரிகள். இரண்டில் மண் ஏறியாகிவிட்டது, மூன்றாவதில் ஏறிக்கொண்டிருக்கிறது. கரையில் ஒரு வேப்பமரம். பின்னால் மேற்கு மலை, பாதி வரை மேகம். உயரமான இடத்திலிருந்து எடுத்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

அதை எனக்கு அனுப்பியவர் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பேரூராட்சியின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியைக் கவனித்துவந்தவர். தினக்கூலி. தினமும் விடிந்ததும் இரும்பு ஏணியில் ஏறி, தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, பிளீச்சிங் கரைசலை ஊற்றிவிட்டு இறங்கி அன்றைய தெருக்களுக்கான வால்வைத் திறப்பார். தண்ணீர் மட்டத்தைக் கீழிருந்தே காட்டும் பலகை பழுதாகிப் பல வருடம் ஆகியிருந்ததால் ஏறாமல் வேலை நடக்காது. எங்கள் இணையதளத்தில் அந்த ஊரின் குடிநீர் பற்றி நான் எழுதிய ஒரு செய்தியில் பிழை இருந்தது. நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது என்று எழுதியிருந்தேன். மூன்று நாளைக்கு ஒரு முறைதான் என்று அவர் போன் செய்தார். திருத்தினேன். அதிலிருந்து பழக்கம்.

எங்கள் தளம் என்று பன்மையில் சொல்வது பழைய பத்திரிகைப் பழக்கம். உண்மையில் நான் ஒருவன்தான். நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பக்கத்தில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். அந்தப் பக்கத்தை மூடியபோது என்னையும் அனுப்பினார்கள். அல்லிநகரத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடைக்கு மேல் ஓர் அறை எடுத்துத் தளத்தைத் தொடங்கினேன். இணையத்தில் செய்தி வெளியிடுபவர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் பெயரை வெளியிட வேண்டும் என்று விதி வந்தபோது, செய்தியாளர், ஆசிரியர் என்று இருந்த என் பெயருக்குக் கீழே மூன்றாவது முறையும் என் பெயரையே போட்டேன்.

தொடங்கிய நாளிலேயே ஒரு முடிவு எடுத்திருந்தேன். நாளிதழில் இருந்தபோது ஊர் ஊராகப் படம் எடுத்து அனுப்பியவர்களின் பெயர் ஒருபோதும் அச்சில் வந்ததில்லை. படம் நிறுவனத்தின் சொத்து. எடுத்தவரே தன் படத்தை வேறொரு இடத்தில் போட்டால் வக்கீல் நோட்டீஸ் போகும். அப்படி ஒரு நோட்டீஸுக்கு, எந்தப் படம், எந்த நாள் வெளியானது என்று விவரம் எழுதிக் கொடுத்ததே நான்தான். அதனால் என் தளத்தில் எல்லாவற்றையும் திறந்த உரிமத்தில் வைத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான்கு வரிகள் இருக்கும். இங்குள்ள செய்தியையும் படத்தையும் யாரும் எடுக்கலாம், வெட்டலாம், சேர்க்கலாம், விற்கலாம். அனுமதி கேட்க வேண்டாம். எங்கிருந்து எடுத்தது, படம் யாருடையது என்று எங்கள் பக்கத்தில் இருக்கிறபடியே சொல்லுங்கள், அது போதும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'முழுப் படம்' என்று ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் வெட்டாத, சுருக்காத மூலப் படம் இறங்கும்.

கண்மாய் விஷயம் எளிமையானது. விவசாயிகள் தங்கள் வயலுக்கு வண்டல் மண் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார்கள், அதுவும் டிராக்டரில். ஆனால் அங்கே போனது டிப்பர். எடுத்தது வண்டல் அல்ல, அதற்குக் கீழே இருந்த, சாலை வேலைக்கு விலைபோகும் கிராவல். அனுமதி பெற்றவர்கள் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். அதில் இருந்தவர்களில் இரண்டு பேர் இறந்துபோனவர்கள். செய்தி தயாராக இருந்தது. படம்தான் இல்லை. கரையில் ஆள் நிறுத்தியிருந்தார்கள். நான் ஒருமுறை போய், தண்ணீர் இல்லாத கண்மாயில் மீன்பிடிக் குத்தகை பற்றி விசாரிக்க வந்ததாகச் சொல்லித் திரும்பியிருந்தேன்.

அவர் தானாகத்தான் அனுப்பினார். அனுப்பிய கையோடு கூப்பிட்டார்.

“எம் பேரு மட்டும் வந்துரக் கூடாது சார். நிரந்தரம் பண்ற லிஸ்ட் தேனிக்குப் போயிருக்கு. அதுல எம் பேரு இருக்கு. அது ஒண்ணுதேன்.”

வராது, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் என்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். படக் கோப்புக்குள் மறைந்திருக்கும் இடம், நேரம், போனின் வகை எல்லாவற்றையும் நீக்கினேன். ஊருக்குக் கிழக்கே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று, இருக்கிறது, எவரும் ஏறலாம். அங்கிருந்து யாரோ எடுத்ததாக நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். லாரி எண்கள் படிக்கக்கூடியதாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். இரண்டு தெரிந்தன. படத்தின் அடிப்பகுதியில் கால் பங்கு வெறும் தரை. அதைச் செய்திக்காக வெட்டினேன். வெறும் தரை என்பதால் வெட்டினேன், வேறு எந்தக் காரணமும் இல்லை. 'படம்: வாசகர் அனுப்பியது' என்று போட்டேன். பிறகு எல்லாப் படத்துக்கும் செய்வதுபோல மூலப் படத்தை அந்த இணைப்பில் ஏற்றினேன்.

செய்தி பரவியது. ஒரு தொலைக்காட்சி படத்தை எடுத்துக்கொண்டு தன் முத்திரையை அதன் நடுவில் ஒட்டியது. இரண்டு பெரிய இணையதளங்கள் எடுத்துக்கொண்டன. ஒருவரும் எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவில்லை. மூன்று பேருக்கும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. கண்மாயில் வேலை நின்றது. அவர் போன் செய்து, ஒன்பது நாளாக லாரிச் சத்தம் இல்லை, தொட்டி மேல் நின்றால் கொக்கு தெரிகிறது என்றார்.

பத்தாவது நாள் காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்ததாக, கண்மாயில் மண் அள்ளிய ஒப்பந்தக்காரர் புகார் கொடுத்திருந்தார். படம் எடுத்தவர் யார், கருவி எது என்று தெரிவிக்க நான் சாட்சியாக ஆஜராக வேண்டும்.

ஆய்வாளர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, எந்தப் பத்திரிகை என்று கேட்டார். இணையதளம் என்றேன்.

“பேப்பரே இல்லாத பேப்பரா? அப்ப எத வச்சு சார் உங்கள ரிப்போர்ட்டர்னு எழுதுறது?”

எழுதிக்கொண்டிருந்த காவலர் சிரித்தார். அரசு அங்கீகார அட்டைக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். படிவத்தில் நாளிதழ், வார இதழ், தொலைக்காட்சி என்று கட்டங்கள் இருந்தன. என்னுடையதற்குக் கட்டம் இல்லை என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பழைய நாளிதழின் காலாவதியான அட்டை என் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. படம் அனுப்பியவர் பெயரைச் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்.

தேனி நீதிமன்றத்தில் வழக்காடும் ஒரு பெண் வழக்கறிஞர் எனக்கு நாளிதழ் காலத்துப் பழக்கம். அவரிடம் போனேன். செய்தி தந்தவர் பெயரைச் சொல்லும்படி பத்திரிகையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, ஆனால் அது பத்திரிகை மன்றத்தின் விசாரணைக்கு மட்டும், நிலையத்திலும் கோர்ட்டிலும் அது நிற்காது என்றார். இணையதளம் நடத்தும் உனக்கு அந்த மன்றமும் இல்லை, நீ வாயை மூடிக்கொண்டு எவ்வளவு நாள் இருக்க முடியுமோ அதுதான் உனக்குப் பாதுகாப்பு என்றார். மூன்று வரியில் ஒரு பதில் எழுதிக் கொடுத்தார். படம் எடுத்தவர் பற்றிய விவரம் தர இயலாது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அதைத் தட்டச்சு செய்யும்போது நான் ஒரு வரி சேர்த்தேன். 'ட்ரோன் எதுவும் பயன்படுத்தப்படவில்லை.' புகாரில் ஒரு பிழை இருந்தது, திருத்தினேன். வேறு எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. செய்தி மேசையில் பிழை திருத்தியே பழகியவன் பிழையைப் பார்த்துவிட்டுக் கடந்துபோக மாட்டான்.

அந்த வரி எப்படி ஒப்பந்தக்காரர் தரப்புக்குப் போனது என்று நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. போனது. ட்ரோன் இல்லை என்றால் உயரம் எது என்று அவர்கள் தேடியிருக்கிறார்கள். என் தளத்துக்கு வந்து முழுப் படத்தை இறக்கியிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த ஊரின் வாட்ஸ்அப் குழுக்களில் அது வந்தது. நான் வெட்டிய கால் பங்கு மட்டும், பெரிதாக்கி. காலைச் சூரியன் கிழக்கே தாழ்வாக இருந்த நேரம். குடிநீர்த் தொட்டியின் நிழல் தூண்களோடு கண்மாய்த் தரையில் நீளமாக விழுந்திருக்கிறது. தொட்டியின் வட்டம், அதன் விளிம்பில் கம்பித் தடுப்பு. தடுப்புக்கு மேலே ஒரு தலையும் இரண்டு முழங்கைகளும், முகத்துக்கு நேரே கையை உயர்த்தி எதையோ பிடித்திருக்கும் ஒரு மனிதனின் நிழல். சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். மேலே ஒரு வரி: 'டேங்க் மேல உக்காந்திருக்கிற காக்கா யாருன்னு தெரியுதா?'

கீழே சின்ன எழுத்தில் என் தளத்தின் பெயர் இருந்தது. 'படம்: வாசகர் அனுப்பியது' என்பதும் இருந்தது. நான் கேட்டிருந்தபடியே. அந்தப் படத்தை எடுத்தாண்டவர்களில் உரிமத்தின் நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

என் அறையில் கணினித் திரையில் முழுப் படத்தைத் திறந்து பார்த்தேன். நிழல் அங்கேதான் இருந்தது. மறைந்திருக்கவில்லை. படம் வந்த நாளில் அதை நான்கைந்து முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன், லாரி எண்ணுக்காக. முகம், வண்டி எண், சுவரில் தொங்கும் நாள்காட்டி, பெயர்ப் பலகை, இவற்றைப் பார்க்கக் கண் பழகியிருந்தது. தரையைப் பார்க்கப் பழகவில்லை. இணைப்பை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்துப் பயனில்லை. ஒருமுறை திறந்த உரிமத்தில் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதும் நானே அந்த நான்கு வரிகளுக்குக் கீழே போட்டிருந்த விளக்கத்தில் இருந்தது.

அவர் போனை எடுக்கவில்லை. மறுநாள் அவர் மனைவி என் அறைக்கு வந்தார். சின்னமனூர் பஸ்ஸில் வந்து இறங்கி, கடைக்காரரிடம் வழி கேட்டு மாடி ஏறியிருந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். அன்று வேலைக்குப் போகவில்லை. போலீஸ் வந்து கணவரின் போனை வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார். குடிநீர்த் தொட்டியைத் தவறாகப் பயன்படுத்தியதாகப் பேரூராட்சியில் விசாரணை வைத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“அண்ணே, நீங்கதேன் மேல ஏறுனதாச் சொல்லிருங்க. நெழலுக்கு மூஞ்சியா இருக்கு? உங்களுக்கு என்ன, வேலையா போயிரும்?”

நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

“பாத்துக்கிறேன்னு நீங்க சொன்னீகன்னுதேன் அவரு படத்தப் போட விட்டாரு.”

அப்படிச் சொன்னேன், அது உண்மை. எழுதித் தருகிறேன் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

வழக்கறிஞரிடம் போனில் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்.

“வாசகர் அனுப்பியதுன்னு உன் பக்கத்துலேயே போட்டிருக்கியேப்பா. அது பொய்யா, இது பொய்யா? எது பொய்யின்னு கேப்பாக, என்ன சொல்லுவ?”

என் பக்கத்தில் மாற்றலாம். ஆனால் அந்த வரி என் பக்கத்தில் மட்டும் இல்லை. படத்தோடு அதுவும் போக வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தேன், வட்டம் போட்ட படத்தோடு போய்விட்டது. ஊரில் ஒவ்வொரு போனிலும் இருந்தது.

இருந்தும் எழுதினேன். அந்தப் படத்தை எடுத்தது நான், தொட்டியின் மேல் ஏறியது நான், அங்கே பணிபுரிபவருக்கு இதில் தொடர்பு இல்லை. இத்தனை வருடத்தில் தெரிந்தே ஒரு பொய்யை எழுதி அதன் கீழ் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் முறை. வாக்கியங்கள் சரியாகவே வந்தன. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

பேரூராட்சி அலுவலகத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது அறிவிப்புப் பலகைக்குக் கீழே அவர் மனைவி நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கணவர் செயல் அலுவலர் அறைக்குள் இருந்தார். கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். போனில் பல மாதம் பேசியிருக்கிறேன், நேரில் பார்த்தது அன்றுதான். நான் நினைத்ததைவிட வயதானவர், ஒல்லி. கையில் பிளீச்சிங் பவுடர் தின்ற வெள்ளைத் தழும்புகள்.

எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். என்னவென்று கேட்டேன்.

“எடுத்தது நாந்தேன்னு.”

பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினேன். வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, முழுவதும் படித்தார். நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

“அந்த ஏணியில நாலு படி ஏறுவீகளா சார் நீங்க? உங்களப் பாத்தா எவன் நம்புவான்?”

சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்பதைத் தெருமுனை டீக்கடையில் வைத்துச் சொன்னார். அவர்கள் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். இணையதளக்காரன் வந்து ஆசைகாட்டித் தன்னை ஏற்றிவிட்டான், விவரம் தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று எழுதினால் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம், பெயர் நிரந்தரம் செய்யும் பட்டியலிலேயே இருக்கும். தாளும் தயாராக இருந்திருக்கிறது, கையெழுத்துப் போட இடம் விட்டு. நான் அவரிடம், போட்டிருக்கலாமே என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். என் மேல் வழக்கு ஒன்று கூடும், அவ்வளவுதான்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏத்திவிட நீங்க யாரு சார்? தெனம் ஏறுறவன் நானு. தெனம் பாத்தவன் நானு. பாத்துப் பாத்துப் பொறுக்காமத்தேன் எடுத்தேன். அத எதுக்கு உங்களுக்குக் குடுக்கணும்?”

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் கேட்டார். நியமன உத்தரவு இருந்தால்தானே நீக்க உத்தரவு தர முடியும் என்று பதில் வந்தது. இத்தனை வருடமும் அவருக்கு உத்தரவு எதுவும் தரப்படவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். அந்தத் தொட்டியில் அவர் வேலை பார்த்தார் என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டார். படம் எடுத்தவரும் நானும் ஒரே நேரத்தில் அந்தப் படத்தை நினைத்தோம் என்று தோன்றுகிறது. கடைசியில் அதையும் மனுவோடு இணைத்தோம். மனு நிலுவையில் இருக்கிறது.

ஏணியின் அடியில் இப்போது கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். தொட்டிக்கு வேறொருவர் வந்திருக்கிறார். கண்மாயில் புதிய அனுமதியோடு வேலை மறுபடி தொடங்கி, மழைக்கு முன் முடிந்தது. இந்த முறை பட்டியலில் இறந்தவர்கள் இல்லை, சரிபார்த்தேன். என் பதிலில் நான் சேர்த்த அந்த ஒரு வரியின் அடிப்படையில் ட்ரோன் புகார் முடித்துவைக்கப்பட்டது. எனக்கு எதிராக ஒன்றும் இல்லை என்று நிலையத்திலிருந்து கடிதம் வந்தது.

அதன் பிறகு ஒரு நாள் அவர் தோட்டத்துக்காரர் ஒருவரின் போனிலிருந்து கூப்பிட்டார். மோட்டார் போட்டு விடுகிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு, அந்தப் படம் இன்னும் உங்கள் தளத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“எடுக்க வேணாம். வாசகர்னு இருக்குல்ல, அதுல எம் பேரப் போட்டுருங்க. இனிமே என்ன.”

அன்றே மாற்றினேன். முழுப் பெயர், அவர் சொன்ன எழுத்துகளில், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு. படத்தை எடுத்தாண்ட தொலைக்காட்சிக்கும் இரண்டு தளங்களுக்கும் மறுபடி கடிதம் எழுதினேன், இந்த முறை பெயரைக் குறிப்பிட்டு. பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் இருப்பதை மாற்ற யாருக்கும் எழுத முடியாது. அங்கே அவர் இன்னும் வாசகர்தான், சிவப்பு வட்டத்துக்குள்.

எனக்கு வரும் படங்களில் இப்போது முதலில் தரையைப் பார்க்கிறேன். பார்க்க அதிகம் வருவதில்லை. அந்த ஊரிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. அவருடைய போன் வழக்குச் சொத்தாக நிலையத்தில் இருக்கிறது. திரும்பப் பெறுவதற்கு மனுப் போட வேண்டும், போட்டிருக்கிறோம்.